ஒரு குடம் குறைகிற தொட்டி

தொட்டி வந்து இறங்கியபோது நல்ல உச்சி வெயில். கோயமுத்தூர் கணபதியில், ஃபவுண்டரிப் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற பழைய வீட்டின் வாசலில் டெம்போ நின்றது. நாலு ஆட்கள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கண்ணாடிப் பெட்டியை இறக்கினார்கள். அருள்குமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் ஓடினான். "பாத்துங்க, பாத்துங்க, கதவு நெலவுல இடிச்சுப்போடாதீங்க" என்று அவன் போட்ட சத்தத்துக்கு, பந்தல் போட்டுக் கல்யாணப் பொண்ணை அழைத்து வருகிறார்களோ என்று தெருவே எட்டிப் பார்த்தது.

அவன் மனைவி புவனா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்புதான் வந்தது அவளுக்கு. சிரித்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

தை மாதம் மாமனார் அங்கப்பன் போய்ச் சேர்ந்தார். அன்றைக்குப் பிடித்து அருள்குமாருக்குத் தூக்கம் இல்லை. கட்டிலில் படுப்பான், எழுந்து உட்காருவான், ஆள் அரை ஆளாக வற்றிப் போனான். ரத்த அழுத்தம் வேறு எகிறிக் கிடந்தது. மீன் வளர்த்துங்க, அதுகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் மனசு அடங்கும் என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், இவன் பிடித்துக்கொண்டான். மீன் பார்க்க வேண்டுமென்றால் ஒரு கண்ணாடிக் குடுவையில் நாலு தங்கமீனை விட்டுப் பார்க்கலாம். இவனுக்கு அது ஆகாது. மோட்டார் செய்து விற்கிறவன் வீட்டில் ஊரில் எவன் வீட்டிலும் இல்லாத கடல் தண்ணித் தொட்டிதான் இருக்க வேண்டுமாம். கோயமுத்தூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் கோபம் வரும். போகட்டும், தூங்கினால் சரி என்று புவனாவும் விட்டுவிட்டாள்.

தொட்டி போட்டுக் கொடுத்தவர் கலீல் ரஹ்மான். கோட்டைமேட்டுக்காரர், உக்கடத்தில் கலர் மீன் கடை. பொன்னானியிலிருந்து மார்க்கெட்டுக்கு வரும் மீன் லாரியில் கேன் கேனாகக் கடல் தண்ணி வரவழைத்திருந்தார்.

"எங்கீங்க வெக்கிறது?" என்று கேட்டார் கலீல்.

அருள்குமார் முன் ஹாலின் தெற்கு மூலையைக் காட்டினான். "அங்கீங்க பாய். ப்ளக் பாயிண்ட் அங்கதான் இருக்குது."

புவனாவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அவனைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனாள்.

"ஏனுங்க, அந்த எடம் வேண்டாமுங்க. மாமா கட்டில் கெடந்த எடம்."

"அதுக்கு? அப்பன் இந்த ஊடு பூராத்தான் நடந்தாரு. ஊட்டையே இடிச்சுப்போடலாமா?"

பேசினால் அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அங்கப்பனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணிக்கு மேல் கொடுத்தால் மூச்சு முட்டிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தாராபுரத்துக் கரட்டுக் காட்டில் தன் கையாலேயே கிணறு வெட்டித் தண்ணி கண்ட மனுசன் அவர். சொம்பு சொம்பாகக் குடித்துப் பழகியவருக்கு டம்ளரில் கோடு கிழித்துக் கொடுத்தார்கள். நாக்கு வறளாமல் இருக்க வெற்றிலையை மென்றுகொண்டே கிடப்பார். டம்ளரின் விளிம்பில் அவர் வாய் பட்ட இடமெல்லாம் சிவப்பாக ஒட்டியிருக்கும். புவனா புளி போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது.

"அம்மணி, ஒரு மடக்குத் தண்ணி" என்பார். அவளைப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் அம்மணிதான்.

அவள் புருசன் முகத்தைப் பார்ப்பாள். அவன் தலையை ஆட்டுவான். கொடுக்காதே.

கடைசி நாளன்றும் அப்படித்தான் நடந்தது. "ஒரு மடக்கு, அம்மணி" என்றார். இவன் தலையை ஆட்டினான். அரை மணி நேரத்தில் உயிர் போய்விட்டது, வாய் திறந்தபடியே இருந்தது. அப்பன் உயிரைக் காப்பாற்றத்தான் மகன் தண்ணியைத் தடுத்தான். அது ஊருக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். அந்தத் திறந்த வாய்க்குத் தெரியுமா? அதுதான் அருள்குமாரைத் தூங்கவிடாமல் அடித்தது.

அந்த மூலையில் ப்ளக் பாயிண்ட் வந்ததும் அப்போதுதான். செத்தவர் கிடந்த இடத்தில் விளக்கேற்றி, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணி வைப்பார்கள். கருமாதி வரைக்கும் விளக்கு அணையக் கூடாது, அன்றைக்கு அதே தீபத்தைத்தான் ஆற்றில் விட வேண்டும். உயிர் அந்த வெளிச்சத்துக்கு வந்து தண்ணி குடித்துவிட்டுப் போகும் என்பார்கள். துக்கத்துக்கு வந்த கூட்டத்துக்காகப் போட்ட ஃபேன் காற்றில் எண்ணெய் விளக்கு இரண்டாம் நாளே அணைந்துபோனது. அருள்குமார் யோசித்தான். வீட்டில் ஒயருக்கா பஞ்சம்? ஒரு லைன் இழுத்து, அப்பன் துண்டு மாட்டுகிற ஆணியில் ஒரு ஜீரோ வாட் பல்பைத் தொங்கவிட்டான். "எண்ணெயும் வேண்டாம், திரியும் வேண்டாம், அணையவே அணையாது" என்றான். பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஆனாலும் தொழில்காரன் சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவது?

கருமாதியன்று பேரூரில் நொய்யல் கரைக்கு ஒரு புது அகலைக் கொண்டுபோய், தீக்குச்சி கிழித்து ஏற்றி, ஆற்றில் விட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தார்கள். பல்பைப் பற்றி ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

கலீல் தொட்டியைச் சுவரை ஒட்டி நகர்த்தி வைத்தார். பின் கண்ணாடியில் கடல் மாதிரித் தெரிய நீலத் தாள் ஒட்டினார். தண்ணியை ஊற்றி, மணல் பரப்பி, மேலே டியூப் லைட்டைப் பொருத்தி எரியவிட்டார். இரண்டு வாரம் கழித்து ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட நாலு மீன்கள் வந்தன. அன்று மத்தியானம் அருள்குமார் தொட்டிக்கு முன்னால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிப் போனான். குறட்டை விட்டுத் தூங்கினான். புவனா சமையல் அறைக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சந்தோசத்தில் அழுதாள்.

அந்தச் சந்தோசம் ஆவணி வரைக்கும் இருந்தது.

முதலில் பின் கண்ணாடியில் ஒரு காசு அகலத்துக்குச் சிவப்பாக ஒட்டியிருந்தது. பிறகு மணலில் இறங்கியது. வழவழவென்று ஒரு படலம், கருஞ்சிவப்பு. காலையில் லைட் போடும்போது கொஞ்சமாக இருக்கும். உச்சி வேளைக்குள் பாயை விரித்த மாதிரி பரவிவிடும். அதன் மேலெல்லாம் சின்னச் சின்னக் குமிழிகள் நிற்கும். சாயங்காலம் லைட்டை அணைத்தால் மெல்லச் சுருங்கும். யார் பார்த்தாலும் பாசி என்றுதான் சொல்வார்கள். புவனாவுக்கு மட்டும் அந்த நிறத்தைப் பார்த்த உடனே வேறொன்று ஞாபகம் வந்தது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"செம்பாசிங்க அக்கா" என்றார் கலீல். "பேருதான் பாசி. உண்மையில பாக்டீரியா. வெளிச்சத்துலதான் வளரும். தீனி மிஞ்சினா வரும், தண்ணி ஓட்டம் பத்தலைன்னா வரும். பயந்துக்காதீங்க, எடுத்துடலாம்."

ரப்பர் குழாயை வைத்து அதை உறிஞ்சி வாளியில் எடுத்தார். தோல் உரிகிற மாதிரி முழுசாக உரிந்து வந்தது. தீனியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். புதிதாகக் கடல் தண்ணி மாற்றினார். அருள்குமார் தன் பட்டறையிலேயே ஒரு சின்ன மோட்டார் செய்துகொண்டு வந்து தண்ணியைச் சுழலவிட்டான். லைட் எரிகிற நேரத்தைக் குறைத்தார்கள். ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கூடப் பொடித்துப் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் நாலு நாள் பளிச்சென்று இருக்கும். ஐந்தாம் நாள் பழைய குருடி, கதவைத் திறடி. அதே பின் கண்ணாடி, அதே இடம், அதே காசு அகலச் சிவப்பு.

இன்னொன்றும் இருந்தது. தொட்டியில் தண்ணி குறைந்தது.

"ஆவியாப் போகுமுங்க. கடல் தண்ணில உப்பு நின்னுக்கும், தண்ணி மட்டும் போகும். நல்ல தண்ணி ஊத்தி ஈடு கட்டணும்" என்று கலீல் முதலிலேயே சொல்லியிருந்தார். புவனா தினமும் காலையில் ஊற்றுவாள். ஆரம்பத்தில் ஒரு சொம்பு பிடித்தது. பிறகு ஒரு வாளி. இப்போது ஒரு குடம் சிறுவாணி நல்ல தண்ணியைக் கவிழ்த்தால்தான் பழைய கோட்டுக்கு வந்தது.

கலீல் தரையைத் தடவிப் பார்த்தார். ஈரமே இல்லை. கண்ணாடி ஒட்டிய இடமெல்லாம் விரல் வைத்துப் பார்த்தார். கசிவும் இல்லை.

"இவ்வளவு தண்ணி ஆவியாப் போகாதுங்க அக்கா" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "எங்க போகுதுன்னு எனக்கும் தெரியலீங்க."

அருள்குமார் திரும்பவும் தூக்கத்தை விட்டான். தன் ஃபவுண்டரிப் பக்கம் போவதையே விட்டுவிட்டான். பகல் முழுக்கத் தொட்டி முன்னால் உட்கார்ந்து, கையில் குழாயை வைத்துக்கொண்டு அந்தச் சிவப்பை உறிஞ்சிக்கொண்டே இருப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் "இதா ஆச்சு" என்பான். ஆகாது. மீன்களில் இரண்டு செத்துப்போனதைக் கூட அவன் கவனிக்கவில்லை.

"தொட்டியத் தூக்கிப்போட்ரலாமுங்க" என்று புவனா கெஞ்சினாள். "உங்களுக்கு நிம்மதி வேணும்னுதான வாங்குனோம்? எனக்கு நீங்க வேணுமுங்க. இந்த எழவு வேண்டாம்."

"ஒரு பாசிக்குத் தோத்துப் போறதா?" என்றான். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு நாள் மத்தியானம் அவன் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. பட்டறையில் சாப்பாட்டு இடைவேளை, மெஷின் சத்தமும் நின்றிருந்தது. புவனா ஹாலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முதலில் வாடை வந்தது. ரொம்ப நாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருமே, அந்தச் சேற்று வாடை.

பிறகு சத்தம்.

மடக்.

அவள் கை நின்றது.

மடக். மடக்.

தொண்டைக்குழி ஏறி இறங்குகிற சத்தம். தொட்டியைப் பார்த்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, மீன் இரண்டும் ஒரு மூலையில் ஒண்டிக் கிடந்தன. பின் கண்ணாடியில் சிவப்பு இருந்த இடத்துக்கு நேராகத் தண்ணி மட்டம், அவள் பார்க்கப் பார்க்க, ஒரு விரல்கடை இறங்கியது.

"மாமா?" என்றாள் புவனா. ஏன் அப்படிக் கூப்பிட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சத்தம் நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் கலீலுக்கு ஃபோன் போட்டு வரச் சொன்னாள். கேட்ட சத்தத்தை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. எப்படியாவது இதை ஒழித்துக் கொடுங்க பாய் என்று மட்டும் சொன்னாள். கலீல் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"ஒரே வழிதானுங்க இருக்குது. வெளிச்சம் இல்லாம அதால உசுரோட இருக்க முடியாது. மூணு நாளைக்குத் தொட்டிய இருட்டாப் போட்ரணும். லைட் கூடாது, சன்னல் வெளிச்சமும் கூடாது. கெட்டியாப் போர்வை போட்டு மூடிடலாம். மீனுக்கு ஒண்ணும் ஆகாது."

வீட்டில் கெட்டியான போர்வை என்று இருந்தது ஒன்றுதான். அங்கப்பனின் கறுப்புக் கம்பளி. புவனா வேண்டாம் என்பதற்குள் அருள்குமார் பரணிலிருந்து அதை இழுத்துப் போட்டுவிட்டான். தொட்டி மேல் கம்பளி விழுந்தபோது, யாரோ தலையோடு போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. புவனா அந்தப் பக்கம் பார்க்காமலே வேலை செய்தாள். மூன்று நாளும் ஹால் சன்னல்களைச் சாத்தி வைத்தார்கள். சத்தமில்லை, வாடையும் கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருந்தது. அருள்குமார் கூட இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம் கலீல் வந்து கம்பளியை மேலிருந்து மெல்ல விலக்கினார். மணல் வெள்ளை வெளேரென்று இருந்தது. மீன்கள் நீந்தின. அருள்குமார் கையைத் தட்டிச் சிரித்தான்.

"இருங்க" என்றார் கலீல். "பின்னாடி பாருங்க."

பின் கண்ணாடியில், எப்போதும் தொடங்குகிற அதே இடத்தில், காசு அகலத்துக்குச் சிவப்பு அப்படியே இருந்தது. ஹால் இருட்டாக இருந்ததால் இன்னொன்றும் தெரிந்தது. அந்தச் சிவப்புக்கு நேர் பின்னால், நீலத் தாளுக்கு அந்தப் பக்கம், ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம்.

"பின்னாடி ஏதோ லைட் எரியுதுங்களே!" கலீலின் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இத்தனை நாளும் இதனாலதானுங்க! நாம மேல லைட்ட அணைச்சு என்ன பிரயோசனம், இது ராப்பகலா எரிஞ்சுட்டு இருந்திருக்குது. அதுக்கு இது போதுமே!"

புவனா சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் முகத்தை வைத்துப் பார்த்தாள். அந்த ஆணி. அந்த ஒயர். ஒட்டடை படிந்த ஜீரோ வாட் பல்பு, தை மாதத்திலிருந்து எரிந்துகொண்டிருந்தது. அருள்குமார் பெருமையாகச் சொன்ன மாதிரியே, அணையவே இல்லை.

அவளுக்கு எல்லாம் அப்போது விளங்கிவிட்டது. பேரூரில் ஆற்றோடு விட்டது வெறும் அகல். விளக்கு இங்கேதான் இருந்தது. விளக்கு இருக்கிற இடத்தில் இவர்கள் தண்ணியையும் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு சொம்பு இல்லை, ஒரு தொட்டி. அதிலும் கடல் தண்ணி. தாகத்தோடு செத்தவனுக்கு உப்புத் தண்ணி. குடிக்கக் குடிக்க அந்தத் தாகம் எப்படி அடங்கும்? ஐயோ, இத்தனை நாளா இந்த மனுசன் உப்புத் தண்ணியைக் குடிச்சுட்டு நிக்கறாரே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. பயத்தைவிட அந்த இரக்கம்தான் முதலில் வந்தது.

"அந்த ப்ளக்கப் புடுங்கி உடு புவனா" என்றான் அருள்குமார்.

"ஏனுங்க, அது மாமாவுக்கு வெச்ச வெளக்குங்க. சும்மா புடுங்கிப்போடக் கூடாது. யாரையாச்சும் கேட்டு, பேரூர்ல போய் மொறையா..."

"பல்புக்கெல்லாம் ஒரு மொறையா? கரண்ட் போனப்போ எத்தன தடவ அதுவே அணைஞ்சு எரிஞ்சிருக்கும்!"

அவன் முகத்தைப் பார்த்தாள். மாதக் கணக்காக அவள் காணாத வெளிச்சம் அந்த முகத்தில் இருந்தது. ஒரு ப்ளக்கைப் பிடுங்கினால் இவன் தூங்குவான், சாப்பிடுவான், பழையபடி சத்தம் போடுவான். அவளுக்கு அந்த ஆசைதான் பெரிதாக இருந்தது. யாருக்குத்தான் இருக்காது? முறை, சாங்கியம் எல்லாம் அடுத்த அமாவாசைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கையை நீட்டி ப்ளக்கைப் பிடுங்கினாள்.

மஞ்சள் வெளிச்சம் போனது.

தொட்டிக்குள் ஒரு பெருமூச்சு மாதிரி குமிழி ஒன்று எழுந்து மேலே வந்து உடைந்தது. கிணற்று வாடை ஒரு தரம் ஹாலை நிறைத்தது. பிறகு அதுவும் இல்லை.

மறுநாள் காலையில் பின் கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்தது. புவனா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தண்ணி மட்டம் இம்மியும் குறையவில்லை. குடத்தை அப்படியே கீழே வைத்தாள். அவ்வளவு பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது.

"புவனா, தண்ணி கொண்டா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சொம்பில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அருள்குமார் ஒரே மூச்சில் குடித்தான்.

"இன்னொரு சொம்பு."

குடித்தான்.

"இன்னும்."

கொண்டுவந்த குடத்தையே அவள் கொண்டுபோய் அவன் பக்கத்தில் வைக்க வேண்டியதாயிற்று. சாயங்காலத்துக்குள் அது காலி. "வெயிலுங்க" என்று அவளாகவே சொல்லிக்கொண்டாள். வெளியே ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது.

கார்த்திகை பிறப்பதற்குள் அவன் கால் வீங்கியது. பிறகு முகம். அவினாசி ரோட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு இருந்ததேதானுங்க. பரம்பரையா வரும். ரத்த அழுத்தம் வேற. கொஞ்சம் முன்னாடியே பாத்திருக்கலாம்" என்றார். அப்புறம் புவனாவைத் தனியாகக் கூப்பிட்டுத் தண்ணிக் கணக்கைச் சொன்னார். அவர் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று டம்ளர்.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் செய்த காரியம், ப்ளக்கைத் திரும்பச் சொருகியது. பல்பு எரிந்தது. தொட்டிக்கு முன்னால் ஒரு சொம்பு சிறுவாணித் தண்ணி வைத்தாள். கூப்பிய கையோடு நின்றாள்.

"வாங்க மாமா" என்று முணுமுணுத்தாள். "தெரியாம அணைச்சுப்போட்டனுங்க. நல்ல தண்ணி வெச்சிருக்கறனுங்க. இங்கயே வந்து குடிங்க. அவர உட்ருங்க மாமா. அவரு உங்க மகனுங்க."

சொம்புத் தண்ணி மறுநாளும் தளும்பிக்கொண்டு நின்றது. அதற்கடுத்த நாளும் அப்படியே. பேரூருக்குப் போய் அகல் விட்டு வந்தாள். வெள்ளியங்கிரிக்கு வேண்டிக்கொண்டாள். தொட்டி பளபளவென்று, பார்ப்பவர்கள் கண் பட்டுவிடும் போல, அவ்வளவு சுத்தமாக இருந்தது.

கலீல் வந்து பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக நின்றார். "இனி வராதுங்க அக்கா. அடியோட போயிருச்சு."

"பாய்" என்றாள் புவனா. "வேற எங்கியாச்சும் தொட்டில செம்பாசி இருந்தா கொஞ்சம் கொண்டாந்து இதுல போடுங்க."

கலீலின் சிரிப்பு உறைந்துபோனது. "என்னங்க சொல்றீங்க?"

"அது திரும்ப வரணும் பாய். எப்படியாச்சும் வர வெச்சுக் குடுங்க. உங்க காலுல வேணாலும் உழுகறனுங்க."

அந்த மனுசன் ஏன் என்று கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் வேறொரு தொட்டியிலிருந்து ஒரு டப்பா நிறையச் செம்பாசி எடுத்துவந்து பின் கண்ணாடி ஓரமாக விட்டார். லைட்டை எல்லாம் எரியவிட்டார்கள். தீனியை அள்ளிப் போட்டார்கள். மோட்டாரை நிறுத்தினார்கள். எது எது கூடாது என்றாரோ அத்தனையும் செய்தார்கள். சாயங்காலத்துக்குள் அது சாம்பல் நிறமாகச் சுருண்டு அடியில் படிந்துவிட்டது. கலீல் எதுவோ ஓதிவிட்டு எழுந்துபோனார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் வரவில்லை.

வெளிச்சமும் தண்ணியும் இருந்தவரைக்கும் பெரியவர் ஒரு மூலையில் இருந்தார். அந்த மூலையையும் அவளேதான் இருட்டாக்கினாள். அவர் வேறு எங்கே போவார்?

மாசியில் அருள்குமார் தொட்டியை எடுத்துவிடச் சொன்னான். தண்ணியை இறைத்துக் கொட்டி, மீன்களை யாருக்கோ கொடுத்து, பெட்டியைக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டார்கள். அந்த மூலையில் தன் கட்டிலைப் போடச் சொன்னான். அங்கேதான் காற்று வருகிறதாம். புவனா அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. படுத்த முதல் நாளே அவன் தன் துண்டை எடுத்து, அப்பன் துண்டு தொங்கிய அந்த ஆணியில் மாட்டினான்.

பங்குனி வெயில் கூரை ஓட்டைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். அன்றைய மூன்று டம்ளரும் கொடுத்து முடித்தாகிவிட்டது. புவனா கட்டிலுக்குப் பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். உதடு வெடித்துக் கிடந்தது.

வாடை வந்தது. கிணற்று வாடை.

விசிறி அவள் கையில் நின்றது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அவளைப் புவனா என்றுதான் கூப்பிடுவான். கோபம் வந்தாலும் புவனாதான், கொஞ்சினாலும் புவனாதான்.

"அம்மணி" என்றது குரல்.

அவன் உதடுதான் அசைந்தது.

"அம்மணி, ஒரு மடக்குத் தண்ணி."

போன தடவை ஒரு முகத்தைப் பார்த்தாள், அது தலையை ஆட்டியது. இப்போது பார்ப்பதற்கு வேறு முகம் இல்லை. கொடுத்தால் இவன் செத்துப் போவான். கொடுக்காமல் விட்டு இன்னொரு வாய் திறந்தபடி கிடப்பதைப் பார்க்க அவளால் முடியாது. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "இதா வாரனுங்க மாமா" என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

சமையல் அறைக்குப் போய்க் கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்தாள். குடத்திலிருந்து சிறுவாணித் தண்ணியை மொண்டு நிறைத்தாள். தலையைத் தாங்கிப் பிடித்து வாயில் வைத்தாள்.

மடக். மடக்.

டம்ளரை எடுத்தபோது பார்த்தாள். வெற்றிலையையே தொட்டறியாத அந்த உதடு பட்ட இடத்தில், விளிம்பு நெடுகிலும், சிவப்பாக ஒட்டியிருந்தது.

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். முகத்தைச் சுளித்தான்.

"உப்புக் கரிக்குது அம்மணி" என்றான். "நல்ல தண்ணியாக் குடு."